வீட்டிலேயே கலர் பிரிண்ட்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தொடங்குகிறவர்களுக்கு

ஃபிலிமில் கலர் படம் எடுத்து லேபில் கொடுத்தால், நெகட்டிவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் வழியாகத்தான் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) வெளிச்சம் நெகட்டிவ் வழியாக நேரே பேப்பரில் விழுந்து உண்டான பிரிண்ட் வேண்டுமென்றால், அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைத் தொடங்க நினைக்கிறவர்கள் நான் அலைந்த அலைச்சலை அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கலர் என்றால் ரொம்பக் கஷ்டம் என்று பலரும் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். டெவலப்பர் (படத்தை வரவழைப்பது), ஸ்டாப் (டெவலப்பரை நிறுத்துவது), பிளிக்ஸ் (வெள்ளியை நீக்கிப் படத்தை நிலைக்க வைப்பது) என்று மூன்றே குளியல், அப்புறம் கழுவல். கறுப்பு-வெள்ளைக்கு 20 டிகிரி கரைசல் வேண்டும். ஏப்ரல் மாதம் கிருஷ்ணகிரியில் அதற்கு ஐஸ் தேடிக்கொண்டு நிற்க வேண்டும். கலர் பேப்பரின் டெவலப்பர் கேட்பது 35 டிகிரி. நம் ஊர் வெயிலே பாதி வேலையைப் பார்த்துவிடும். கஷ்டம் இருப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, பொருள் சேர்ப்பது. இன்னொன்று, மாறக் கூடாததை மாறாமல் பார்த்துக்கொள்வது.

1. என்லார்ஜர் வாங்கும் முன் பேப்பர் கிடைக்குமா என்று பாருங்கள்

எல்லோரும் முதலில் என்லார்ஜர் தேடிப் போவார்கள். பேப்பர் கிடைக்காவிட்டால் அது வீட்டில் தூசி வாங்கும், அவ்வளவுதான்.

வேண்டியது ஆர்ஏ-4 என்ற, கலர் நெகட்டிவைப் பிரிண்ட் போடும் ரசாயன முறைக்கான கலர் பேப்பர். ஃபூஜியின் கிரிஸ்டல் ஆர்கைவ், கோடக்கின் எண்டியூரா இரண்டும் இந்த வகை. கல்யாண ஆல்பம் போடும் மினிலேப்களுக்கு இது ரோலாக வருகிறது. லேசர் மிஷினுக்காகச் செய்த பேப்பர்தான் என்றாலும் என்லார்ஜரிலும் நன்றாகவே வேலை செய்யும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இப்போது நிறைய ஸ்டூடியோக்களில் இருப்பது இங்க்ஜெட் முறையில் ஓடும் டிரை லேப். அந்தப் பேப்பரும் ரோல்தான், அதையும் 'போட்டோ பேப்பர்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதில் வெளிச்சத்தை உணரும் பூச்சு கிடையாது, நமக்கு எதற்கும் ஆகாது. ஆகவே கடையில் 'போட்டோ பேப்பர் இருக்கா' என்று கேட்காதீர்கள். 'உங்க மிஷின்ல டெவலப்பரும் பிளிக்ஸும் ஊத்துறீங்களா?' என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அதுதான் உங்கள் லேப். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரில் விசாரித்துவிட்டு, கிடைக்காவிட்டால் சேலம் அல்லது பெங்களூரு போகலாம்.

8 அங்குல அகல ரோல் பெரும்பாலும் 84 மீட்டர் அளவு நீளம் இருக்கும். 10 அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் 8-க்கு 10 தாள் 330 வரும். லேப்காரர் சொல்லும் ரோல் விலையை 330-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு தாளின் அடக்க விலை சிரிப்பு வருகிற அளவுக்குக் குறைவாக இருக்கும். ஆனால் முதலிலேயே முழு ரோல் வாங்க வேண்டாம். மிஷினில் ஓடி முடிந்த ரோலின் கடைசி சில மீட்டர் லேபில் மிஞ்சும். பழகுவதற்கு அது போதும். ரோல் வந்த கறுப்புப் பையையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் எமல்ஷன் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்) போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தொகுதி மாறினால் ஃபில்டர் கணக்கும் மாறும்.

பஸ்ஸில் கொண்டுவந்தால் பேப்பரை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பக்கத்து இன்ஜின் பானெட் மேல் பார்சல் வைக்கச் சொல்வார்கள். அந்தச் சூட்டில் கலர் பேப்பர் கெட்டுவிடும். வீட்டில் ஃபிரிட்ஜ்தான் அதற்கு இடம். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் போன பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் தாள் வேர்த்துவிடும்.

2. என்லார்ஜர்

கலர் ஹெட் உள்ளதாகப் பாருங்கள். மஞ்சள், மெஜந்தா, சயான் மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ் இருக்கும். டர்ஸ்ட், மெயோப்டா, பெஸலர் போன்றவை பழைய சந்தையில் அவ்வப்போது வரும். நம் ஊர் ஸ்டூடியோப் பரண்களில் கிடப்பது பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை என்லார்ஜர். பல்பின் கீழே ஃபில்டர் வைக்கும் தட்டு இருந்தால் அதிலும் கலர் போடலாம், ஆனால் ஜெலட்டின் ஃபில்டர்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பழைய ஜெலட்டின் ஃபில்டர் வெளுத்தும் போயிருக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கலர் ஹெட்டே நல்லது.

நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். லென்ஸைக் கழற்றி பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். 35 எம்.எம். நெகட்டிவுக்கு 50 எம்.எம். லென்ஸ், 6-க்கு 6 நெகட்டிவுக்கு 80 எம்.எம். வேண்டும். நெகட்டிவ் கேரியர் (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) கூடவே இருக்கிறதா, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, அந்த பல்பு இப்போது கிடைக்கிறதா என்று கேளுங்கள். கேரியர் இல்லாத என்லார்ஜர் பாதி விலைக்கு வந்தாலும் விட்டுவிடலாம்.

பெங்களூருவில் வாங்கினால் தர்மபுரி, ஓசூர்க்காரர்கள் ரயிலில் கொண்டுவரலாம். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் இல்லை. தூணையும் ஹெட்டையும் கழற்றித் தனித்தனியாகக் கட்டி பஸ்ஸிலோ லாரி பார்சலிலோ கொண்டுவாருங்கள். பார்சலில் போட்டால் பல்பையும் லென்ஸையும் மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பொருளானாலும் விற்றவரிடம் ஒரு பில்லோ கைச்சீட்டோ எழுதி வாங்குங்கள், பார்சல் ஆபீசில் கேட்பார்கள்.

3. அறை

கலர் பேப்பர் எல்லா நிறத்தையும் உணரும். கறுப்பு-வெள்ளைக்குப் போடும் சிவப்பு விளக்கு இதற்கு ஆகவே ஆகாது. முழு இருட்டு வேண்டும். மங்கலான அம்பர் விளக்கு உண்டு என்று சொல்வார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதை மறந்துவிடுவது நல்லது.

ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம் இருந்தால் சரி. இல்லையென்றால் ராத்திரி வேலை செய்யுங்கள். கதவின் கீழ் இடுக்கில் கனத்த துணி, ஜன்னலில் அலுமினியம் ஃபாயிலும் அதன்மேல் கறுப்பு சார்ட்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பத்து நிமிடம் கழித்தும் கையில் பிடித்த வெள்ளைத் தாள் தெரியவில்லை என்றால் அறை தயார். கண் பழகிய பிறகுதான் இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளி, ஸ்டெபிலைசர் லைட், கடிகார முள் எல்லாம் தெரியவரும். ஒவ்வொன்றுக்கும் கறுப்பு டேப்.

போன் திரை பெரிய எதிரி. ஆனால் இருட்டில் நேரம் தெரிய வேண்டுமே. உங்கள் குரலிலேயே 'பத்து, இருபது, முப்பது' என்று பதிவு செய்து, போனை எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்து ஓடவிடுங்கள். சத்தம் வரும், வெளிச்சம் வராது.

பிளிக்ஸ் நெடி அடிக்கும், அதனால் காற்றுப் போக்கு அவசியம். ஆஸ்துமா உள்ளவர்கள் மூடிய அறையில் இதைச் செய்யக் கூடாது. சீலிங் ஃபேன் போட்டால் தூசி கிளம்பி நெகட்டிவில் உட்காரும். கிரானைட் பட்டறை பக்கத்தில் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். தொடங்குவதற்கு முன் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கத்தான் செய்யும்.

4. மின்சாரம்: நம் பக்கம் எல்லோரும் கோட்டை விடுகிற இடம்

வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நமக்கு இதுதான் முக்கால் பிரச்சினை.

என்லார்ஜர் பல்பு இழை பல்பு. வோல்டேஜ் இறங்கினால் அதன் வெளிச்சம் குறைவதோடு சிவக்கவும் செய்யும். நெகட்டிவ் பிரிண்டில் சிவப்பு வெளிச்சம் கூடினால் பேப்பரில் சயான் கூடும். அதாவது சாயங்காலம் சரியாக வந்த அதே ஃபில்டர், அதே விநாடி, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டதும் வெளுத்து, நீலப்பச்சை பாய்ந்து வரும். நீங்கள் ஃபில்டரைத் திருத்துவீர்கள். மோட்டார் நின்றதும் பிரிண்ட் எதிர்ப்பக்கம் ஓடும். இப்படியே ஒரு கட்டுப் பேப்பர் போய்விடும். கலர் பிரிண்ட் நமக்கு வராது என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, பல்பு எரியும்போது வோல்டேஜ் எவ்வளவு என்று சாயங்காலம் ஒருமுறை, ராத்திரி பதினொரு மணிக்கு ஒருமுறை பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் இதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஃபிரிட்ஜுக்குப் போடும் சாதாரண ஸ்டெபிலைசர் இதற்குப் போதாது. அது ரிலே வைத்துப் படிப்படியாகத் தாவும். எக்ஸ்போஷர் நடுவில், அதாவது பேப்பரில் வெளிச்சம் விழும்போது, தாவினால் இன்னும் மோசம். வீட்டு இன்வெர்ட்டர் கரண்டிலும் போடாதீர்கள்.

உங்கள் என்லார்ஜர் 12 வோல்ட் 100 வாட் ஹாலஜன் பல்பு எரிக்கும் வகையாக இருந்தால் வழி சுலபம். எல்.இ.டி. பட்டைக்கும் கண்காணிப்பு கேமராவுக்கும் போடும் 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை பெட்டி) எலெக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். வீட்டு வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் அது கொடுக்கும் 12 வோல்ட் மாறாது. 100 வாட்டுக்கு எட்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம் இழுக்கும், அதனால் 15 ஆம்பியர் வாங்குங்கள். இணைப்பை எலெக்ட்ரீஷியனை வைத்துக் கொடுங்கள், எர்த் கட்டாயம். நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் பல்பு என்றால் சர்வோ ஸ்டெபிலைசர்தான் வழி, அது விலை கூட.

பல்பை மாற்றி எல்.இ.டி. போடலாமே என்று தோன்றும். கடையில் விற்கும் வெள்ளை எல்.இ.டி.யின் நிறக் கலவை வேறு. இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

5. ரசாயனம்

பேப்பர் கொடுத்த லேபிலேயே ஆர்ஏ-4 டெவலப்பரும் பிளிக்ஸும் கேளுங்கள். லேப் பொட்டலம் பெரிதாக இருக்கும், பல லிட்டருக்கு வரும். டெவலப்பர் மூன்று பாகமாகவும் பிளிக்ஸ் இரண்டு பாகமாகவும் இருப்பது வழக்கம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி ஊசி சிரிஞ்ச் மருந்துக்கடையில் வாங்கி, கணக்குப் போட்டு ஒரு லிட்டருக்கு வேண்டியதை மட்டும் கலக்கலாம். மிச்சத்தைச் சிறிய கண்ணாடிப் பாட்டில்களில் வாய் வரைக்கும் நிரப்பி மூடுங்கள். பாட்டிலில் காற்று இருந்தால் டெவலப்பர் செத்துவிடும். கூட்டாளி ஒருவர் கிடைத்தால் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், தனி ஆளுக்கு முழுப் பொட்டலம் வீண்.

கொரியரில் வரவழைத்தால், திரவ ரசாயனம் என்றதும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தரைவழி அல்லது லாரி பார்சல் என்று சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். விற்கிறவரிடம் ஜிஎஸ்டி பில்லோடு பாதுகாப்புத் தகவல் தாளையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் என் பார்சல் ஒன்று குடோனிலேயே கிடந்தது. வெளிநாட்டிலிருந்து பேப்பர் வரவழைப்பதாக இருந்தால் ஆதார், பான் நகல் கேட்பார்கள். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கூலியையும் சேர்த்த தொகைக்கு விழும். அதைக் கணக்குப் போடாமல் ஆர்டர் செய்யாதீர்கள்.

தண்ணீர்: நம் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்பது ஊரறிந்த சேதி, ஒகேனக்கல் தண்ணீர் வந்ததே அதற்காகத்தான். பிரிண்டுக்கு அதைவிடத் தொல்லை உப்பும் சுண்ணாம்பும். டெவலப்பர் கலக்க ஆர்.ஓ. தண்ணீர் கேன் வாங்குங்கள். கழுவ ஒகேனக்கல் தண்ணீர் போதும். கடைசியாக ஒருமுறை ஆர்.ஓ. தண்ணீரில் முக்கி எடுத்தால் வெள்ளைக் கறை விழாது.

கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, பாகங்களைப் பொட்டலத்தில் சொன்ன வரிசையிலேயே சேருங்கள். நைட்ரைல் கையுறை இல்லாமல் டெவலப்பரைத் தொடாதீர்கள். அதிலிருக்கும் கலர் டெவலப்பிங் ரசாயனம் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் அடுத்தடுத்துச் சுலபமாக வரும். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். பழைய டெவலப்பர் பார்க்க டிக்காஷன் போலவே இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

ஸ்டாப்புக்கு வெள்ளை வினிகரில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். இதைச் சிலர் தேவையில்லை என்பார்கள். டிரேயில் செய்கிறவர்கள் விடக் கூடாது. டெவலப்பர் ஒட்டிய தாளை நேரே பிளிக்ஸில் போட்டால் வெள்ளையில் இளஞ்சிவப்புக் கோடு விழும்.

6. முதல் நெகட்டிவ்

பழகுவதற்கென்றே ஒரு ரோல் எடுங்கள். சி-41 ஃபிலிம் (வழக்கமான கலர் நெகட்டிவ் ஃபிலிம்), கோடக் கோல்டு 200 மாதிரி சாதாரணமானதே போதும். முதல் ஃபிரேமில், வெயில் நேராக விழும் திறந்த இடத்தில், 18 சதவீதச் சாம்பல் அட்டையைப் பிடித்தபடி ஒரு ஆள். இந்த ஒரு ஃபிரேம் உங்கள் பாதிப் பேப்பரை மிச்சம் பிடிக்கும்.

செம்மண் தரையில் நிற்க வைக்காதீர்கள். மாந்தோப்பில் உழுத செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தின் அடிப்பாகத்தை ஆரஞ்சாக்கும். வேப்பமர நிழலில் நிறுத்தினால் பச்சை ஏறும். அப்படி எடுத்த படங்களை வாழ்நாள் முழுக்கப் பிரிண்ட் போடலாம், ஃபில்டர் பழகுவதற்கு மட்டும் ஆகாது.

சினிமா ஃபிலிமைச் சுருட்டி டப்பாவில் அடைத்து மலிவாக விற்பார்கள். அதன் கான்ட்ராஸ்ட் குறைவு, ஆர்ஏ-4 பேப்பரில் சப்பென்று வரும். பின்பக்கக் கரிப்பூச்சு நீக்காதது என்றால் சி-41 லேப்காரரும் கையில் தொட மாட்டார், தொட்டால் அவர் மிஷின் கெடும்.

7. முதல் ராத்திரி: படமே வேண்டாம், இரண்டு துண்டு போதும்

வெளிச்சத்தில் ஒரு துண்டுப் பேப்பரை வெட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் கம்பெனி பெயர் மங்கலாக அச்சடித்திருக்கிறதோ அது பின்பக்கம். தாள் எந்தப் பக்கமாகச் சுருள்கிறது என்று விரலால் பழகிக்கொள்ளுங்கள், இருட்டில் அதுதான் அடையாளம். தலைகீழாக வைத்தால் படம் மங்கலாக, இடம் வலம் மாறி வரும்.

டெவலப்பர் பாட்டில், ஸ்டாப், பிளிக்ஸ் மூன்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் 35 டிகிரி தண்ணீரில் நிறுத்துங்கள். மே மாதம் மதியம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அதைவிடச் சூடாகவே வரும். டிசம்பரில், அதுவும் ஓசூரில், கெட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மீன் தொட்டி ஹீட்டர் வைக்கலாம், ஆனால் அதில் பல 33, 34 டிகிரிக்கு மேல் போகாது. தண்ணீர் சூடாக்கும் கம்பியை டப்பில் போட்டு வைத்துக்கொண்டு இருட்டில் கைவிடும் வேலை வேண்டவே வேண்டாம்.

இப்போது இரண்டு துண்டு. ஒன்று பையிலிருந்து இருட்டில் எடுத்தது, வெளிச்சமே படாதது. இன்னொன்று நன்றாக வெளிச்சம் பட்டது. இரண்டையும் டெவலப்பரில் 1 நிமிடம், ஸ்டாப்பில் 30 விநாடி, பிளிக்ஸில் 1 நிமிடம், தண்ணீரில் 2 நிமிடம். 35 டிகிரியில் டெவலப்பருக்கு 45 விநாடியே போதும், கொஞ்சம் கூடினால் கெடுதல் இல்லை. குறையத்தான் கூடாது.

முதல் துண்டு பளிச்சென்று வெள்ளையாக வர வேண்டும். மஞ்சளோ சாம்பலோ தட்டினால் பேப்பர் பழசு, அல்லது அறையில் வெளிச்சம் ஒழுகுகிறது. இரண்டாவது ஆழக் கறுப்பாக வர வேண்டும். கறுப்பில் ஏதோ நிறம் பாய்ந்தால் டெவலப்பர் செத்திருக்கிறது அல்லது குளிர்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சரியாக வரும்வரை நெகட்டிவைக் கையில் எடுக்காதீர்கள். லேபில் முழு ரோலுக்குப் பணம் கொடுக்கும் முன்பும் இதே சோதனைதான்.

டிரேயா, டிரம்மா என்று கேட்பீர்கள். டிரம் என்பது வெளிச்சம் புகாத உருளை. அதில் தாளைப் போட்டு மூடிவிட்டால் லைட் போட்டுக்கொள்ளலாம், 8-க்கு 10 தாளுக்கு 100 மி.லி. போதும். டிரம் கிடைக்காவிட்டால் மூன்று பிளாஸ்டிக் டிரே. பிளிக்ஸில் 30 விநாடி ஆன பிறகு லைட் போடலாம். டிரேக்களை எப்போதும் இடமிருந்து வலம் ஒரே வரிசையில் வையுங்கள். பிளிக்ஸ் தொட்ட கையோடு டெவலப்பருக்குத் திரும்பக் கூடாது. நாலு சொட்டு விழுந்தாலும் டெவலப்பர் போச்சு.

8. டெஸ்ட் ஸ்ட்ரிப்பும் நிறம் திருத்துவதும்

மெஜந்தா 50, மஞ்சள் 50, சயான் பூஜ்யம். இங்கே தொடங்குங்கள். சயான் குமிழை மறந்துவிடலாம். மூன்றையும் போட்டால் வெளிச்சம் வீணாகக் குறையும், அவ்வளவுதான். இன்னொருவர் சொல்லும் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். என்லார்ஜர் கம்பெனிக்குக் கம்பெனி அளவுகோல் வேறு, பேப்பர் தொகுதிக்குத் தொகுதியும் மாறும்.

லென்ஸ் துவாரம் எஃப்/8-இல் வைத்து, ஒரே துண்டை அட்டையால் பகுதி பகுதியாக மறைத்து 5, 10, 15, 20 விநாடி வெளிச்சம் விடுங்கள், இதுதான் டெஸ்ட் ஸ்ட்ரிப். முதலில் வெளிச்ச அளவை மட்டும் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். சரியான அடர்த்தி வந்த பிறகுதான் நிறம். அடர்த்தி தப்பாக இருக்கும்போது நிறம் பார்த்தால் கண் ஏமாற்றும்.

ஈரத்திலும் பார்க்காதீர்கள். ஈர ஆர்ஏ-4 பிரிண்ட் நீலம் கலந்து பால் படிந்த மாதிரி இருக்கும். ஹேர் டிரையரில் காயவைத்துவிட்டு, பகலானால் ஜன்னலோரம், ராத்திரியானால் எப்போதும் ஒரே விளக்கின் கீழ் பாருங்கள். ஒரு தடவை கூல் டேலைட் பல்பு, மறு தடவை வார்ம் பல்பு என்று மாற்றினால் எந்தக் காலத்திலும் முடிவுக்கு வர மாட்டீர்கள்.

இப்போது அந்தச் சாம்பல் அட்டையைப் பாருங்கள், முகத்தை அல்ல. அது எந்த நிறம் பாய்ந்திருக்கிறது?

- மஞ்சள் பாய்ந்தால் மஞ்சளைக் கூட்டுங்கள்.
- மெஜந்தா பாய்ந்தால் மெஜந்தாவைக் கூட்டுங்கள்.
- சிவப்பு பாய்ந்தால் இரண்டையும் கூட்டுங்கள்.
- நீலம் பாய்ந்தால் மஞ்சளைக் குறையுங்கள்.
- பச்சை பாய்ந்தால் மெஜந்தாவைக் குறையுங்கள்.
- சயான் பாய்ந்தால் இரண்டையும் குறையுங்கள்.

மஞ்சளாக இருப்பதற்கு மஞ்சளையே கூட்டுவதா என்று தோன்றும். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். மஞ்சள் ஃபில்டர் நீல வெளிச்சத்தைத் தடுக்கும். பேப்பரில் மஞ்சளை உண்டாக்குவது அந்த நீல வெளிச்சம்தான். அதைத் தடுத்தால் மஞ்சள் குறையும். இதை ஒரு சீட்டில் எழுதி சுவரில் ஒட்டுங்கள், ராத்திரி ஒரு மணிக்கு மூளை வேலை செய்யாது.

எவ்வளவு மாற்றுவது? கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால் 20, தெளிவாகத் தெரிந்தால் 10, இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் என்றால் 5. சிவப்பும் சயானும் பாய்ந்தால் தவிர, ஒரு தடவைக்கு ஒரு நிறம் மட்டும் மாற்றுங்கள். மஞ்சளை மாற்றினால் அடர்த்தி பெரிதாக மாறாது. மெஜந்தாவைக் கூட்டினால் பிரிண்ட் வெளுக்கும்; ஓரிரு விநாடி சேர்க்க வேண்டும்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் சிவப்பையும் மெஜந்தாவையும் குழப்பிக்கொள்வார்கள். காகிதப்பூவின் நிறம் மெஜந்தா. அதை நினைவில் வைத்துப் பார்த்தால் பிடிபடும். நீலத்துக்கும் சயானுக்கும் இதே குழப்பம். சயானில் பச்சை ஒளிந்திருக்கும். அப்படியும் தெரியாவிட்டால், மெஜந்தாவை 10 கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, மஞ்சளைக் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று என நாலு சின்னத் துண்டு போட்டு வரிசையாக வையுங்கள். பேப்பர் கொஞ்சம் போகும். ஆனால் இந்த நாலு துண்டு கற்றுத் தருவதை எந்தக் கட்டுரையும் தராது, இதையும் சேர்த்து.

சாம்பல் சரியானதும் முகம் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதன்மேல் உங்கள் விருப்பத்துக்கு 2, 3 அளவு அப்படி இப்படி. நம் நிறத்துக்கு மஞ்சள் ஃபில்டரை இம்மி குறைத்து, கொஞ்சம் கதகதப்பாக விடுவது எனக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் ஃபில்டர் எண், விநாடி, லென்ஸ் துவாரம், என்லார்ஜர் ஹெட்டின் உயரம், பேப்பர் தொகுதி, தேதி எழுதுங்கள். நிறம் கலங்கலாக, கறுப்பு சாம்பல் அடித்து வந்தால் பிளிக்ஸ் வேலை போதவில்லை என்று அர்த்தம். வெளிச்சத்திலேயே புது பிளிக்ஸில் இன்னொரு தடவை போட்டுக் கழுவினால் தெளியும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

காயவைப்பது சுலபம். கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் போதும், நம் வெயில் காலத்தில் நிமிடக் கணக்கில் காயும். மாடியில் மட்டும் காயவைக்காதீர்கள், தூசி.

9. கழிவு

தீர்ந்த பிளிக்ஸில் வெள்ளி கரைந்திருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் உறிஞ்சு குழிதான். அதில் ஊற்றினால் நிலத்தடிக்குப் போகும், போர் பக்கத்திலேயே இருக்கும். மரத்தடியிலும் ஊற்றாதீர்கள். ஒரு 20 லிட்டர் கேனில் சேர்த்து வையுங்கள், மேலே பெரிதாக எழுதி வையுங்கள். மினிலேப்கள் வெள்ளி எடுக்கிறவர்களிடம் கழிவைக் கொடுப்பதுண்டு. உங்கள் கேனையும் சேர்த்துக்கொள்வார்களா என்று பேப்பர் வாங்கும்போதே பேசி முடியுங்கள். யாரும் எடுக்காவிட்டால், பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நாரை அதில் போட்டுச் சில நாள் மூடி வைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி அடியில் கறுப்புச் சேறாக இறங்கும். எவர்சில்வர் நார் இதற்கு உதவாது.

10. செலவும் நேரமும்

எனக்கு ஆனது இது, உங்களுக்கு முன்னே பின்னே இருக்கும். கலர் ஹெட் என்லார்ஜரும் லென்ஸும் சேர்த்து இருபதாயிரம் அளவு. எஸ்.எம்.பி.எஸ்., மல்டிமீட்டர், வயரிங் கூலி எல்லாமாக மூவாயிரத்துக்குள். டிரே, டப், தெர்மாமீட்டர், கையுறை, கண்ணாடிப் பாட்டில் இரண்டாயிரம். தெர்மாமீட்டர் மட்டும் மலிவாக வாங்காதீர்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை 37-இல் ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனை டிகிரி தப்புகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கலந்த டெவலப்பர் நிரம்பிய பாட்டிலில் ஒரு மாதம் வரை தாங்கும். பாதிப் பாட்டில் அவ்வளவு தாங்காது. அதனால் வாரத்துக்கு ஒன்று என்று இழுக்காமல், நெகட்டிவ்களைச் சேர்த்து வைத்து இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்து போடுவது சிக்கனம். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் தயாராக ஒரு மணி நேரம் போகும், முதல் நல்ல பிரிண்ட் வரும்போது நள்ளிரவு ஆகும். அதன் பிறகு அதே ரோலின் மற்ற ஃபிரேம்கள் சடசடவென்று வரும், ஏனென்றால் ஃபில்டர் அனேகமாக மாறாது. ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாகப் போடுங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் பகலில்தான், முதல்நாள் பேப்பரில் போடுவார்கள். அன்று மாலை கரண்ட் வந்ததும் உடனே தொடங்க வேண்டாம். மோட்டார்களெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.